காலைக் குளிரிலும் ஸ்டெப் தவறாத சிஎன்சி: மோட்டார், டிரைவர், ஜிஆர்பிஎல் அமைக்கும் முறை

சிஎன்சி என்பது கணினி சொல்லும் வழியில் கட்டரை நகர்த்தி வெட்டும் மெஷின். அதை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார் சிறு சிறு ஸ்டெப்பாகச் சுழலும்; ஒரு ஸ்டெப்பைத் தவறவிட்டால் யாருக்கும் சொல்லாது. திரையில் எக்ஸ் 120 மி.மீ. என்று காட்டிக்கொண்டிருக்கும், கட்டர் 118இல் நின்று பலகையைத் தின்றுகொண்டிருக்கும். வீட்டில் கட்டும் சிஎன்சிகள் பெரும்பாலானவற்றில், மோட்டார் எங்கே நிற்கிறது என்று திருப்பிச் சொல்லும் என்கோடர் கிடையாது. அனுப்பிய பல்ஸ் (மின் துடிப்பு) எல்லாம் அசைவாகிவிட்டது என்று கட்டுப்பாட்டுப் பலகை நம்பிக்கொள்கிறது. அந்த நம்பிக்கை பொய்யாகாதபடி வயர், வோல்ட்டளவு, வேகம், ஆர்முடுகல் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் விட்டு வைப்பதுதான் மோட்டார் அமைப்பு.

மலையகத்தில் அந்த மிச்சம் கூடுதலாகவே வேண்டும். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தை, மாசிக் காலைகளில் வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே போகும். மோட்டாரின் சுழற்சியை நேர் நகர்வாக்கும் போல் ஸ்குரூவில் இருக்கும் கிரீஸ் இறுகிவிடும். மழைக் காற்றில் மரம் விழுந்தால் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் வேலையின் நடுவில் கரண்ட் போகும். பழைய லயன் வீட்டு வயரிங்கில் எர்த் வயரே வராத பிளக் பொயின்ட்டுகள் உண்டு. மூன்றும் வெட்டு இடம் மாறுவதற்கு நேரடிக் காரணங்கள் என்பதால், மூன்றையும் அமைப்பின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்கிறோம்.

கணக்குகளுக்கு ஒரு மெஷினை வைத்துக்கொள்வோம். 600க்கு 400 மி.மீ. வேலைப் பரப்பு, பைன், மஹோகனிப் பலகையில் பெயர்ப்பலகை வெட்டும் ரூட்டர். எக்ஸ், வை அச்சுகளுக்கு 1605 போல் ஸ்குரூ, அதாவது 16 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு. இசட் அச்சுக்கு 1204, ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகர்வு. வை அச்சில் இரு பக்கமும் மோட்டார். ஆக நேமா 23 மோட்டார் நான்கு, பல்ஸை வாங்கி மோட்டாருக்கு ஓட்டம் கொடுக்கும் டிஎம்542 டிரைவர் நான்கு, 36 வோல்ட் 10 அம்பியர் பவர் சப்ளை ஒன்று, வெட்டும் கோப்பைப் பல்ஸாக மாற்றும் மென்பொருளான ஜிஆர்பிஎல் 1.1 ஏற்றிய அர்டுயினோ ஊனோ கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று.

மோட்டாரும் வோல்ட்டளவும்

நேமா 23 என்பது முகப்பின் அளவு மட்டுமே. 57 மி.மீ. சதுரம், அவ்வளவுதான், பலத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பலர் நிறுத்து முறுக்கம் அதிகமான மோட்டாரைத் தேடி வாங்குகிறார்கள். அந்த எண் மோட்டார் அசையாமல் நிற்கும்போது உள்ள பலம். சுழலத் தொடங்கியதும் சுருளின் தூண்டுதிறன் குறுக்கே நிற்கும்: சுருளுக்குள் ஓட்டம் ஏறி முடிவதற்குள் அடுத்த ஸ்டெப் வந்துவிடும், ஓட்டம் பாதியிலேயே திரும்பும், முறுக்கம் விழும். நீளமான பெரிய மோட்டார் குறைந்த வோல்ட்டில் ஓடினால், நிமிடத்துக்கு 500 சுற்றில் சின்ன மோட்டாரை விடப் பலவீனமாக இருப்பது இதனால்தான்.

வாங்கும்போது தரவுத்தாளில் தூண்டுதிறன் எத்தனை மில்லி ஹென்றி என்று பாருங்கள். பழகிய ஒரு விதி உண்டு: தூண்டுதிறனின் வர்க்கமூலத்தை 32ஆல் பெருக்கினால் அந்த மோட்டாருக்குப் பொருத்தமான உச்ச வோல்ட்டளவு வரும். 2 மில்லி ஹென்றிக்கு 45 வோல்ட், 3.5க்கு 60, 10க்கு 101. நம்மிடம் இருப்பது 36 வோல்ட். எனவே 2 முதல் 4 மில்லி ஹென்றிக்குள், கட்டமொன்றுக்கு (சுருளொன்றுக்கு) 3 அம்பியர் அளவில் உள்ள மோட்டாரே ஏற்றது. 10 மில்லி ஹென்றி மோட்டார் இந்த சப்ளையில் பட்டினி கிடக்கும்.

டிஎம்542 டிரைவர் 50 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியிருக்கும். அதற்காக 48 வோல்ட் சப்ளை போட வேண்டாம். வேகமாக ஓடும் கான்ட்ரி (கட்டரைத் தாங்கி நகரும் பாலம்) சடுதியாக நிற்கும்போது மோட்டார் டைனமோ போல மின்னைத் திருப்பி அனுப்பும். அப்போது சப்ளைப் பக்க வோல்ட்டளவு மேலே ஏறும். 36இல் அதற்கு இடம் இருக்கிறது, 48இல் இல்லை. சப்ளையின் அம்பியருக்கு நான்கு மோட்டாரின் ஓட்டத்தையும் கூட்டி அதில் மூன்றில் இரண்டு எடுத்தால் போதும்: 12 அம்பியரில் 8. உயரமான இடத்தில் காற்று மெலிந்திருப்பதால் விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் குறைவான வெப்பத்தையே கொண்டுபோகும். எனவே 8க்கு 10 வாங்குவது வீண்செலவு அல்ல.

புதிய சப்ளையைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பக்கத்தில் உள்ள சின்னச் சிவப்பு சுவிட்ச்சைத் தேடுங்கள். 115, 230 என்று இரு நிலை இருக்கும். தொழிற்சாலையிலிருந்து 115இல் வைத்து வருவதும் உண்டு. அப்படியே நம் 230 வோல்ட்டில் சொருகினால் ஒரு சத்தம், ஒரு புகை, அதோடு சப்ளை முடிந்தது.

வயர் ஜோடியைக் கண்டுபிடிப்பது

நான்கு வயர் மோட்டாரில் இரண்டு சுருள். எந்த இரண்டு வயர் ஒரே சுருள் என்பதை நிறத்தை வைத்து முடிவுசெய்யக்கூடாது. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் நிறம் மாறும். மீற்றர் இருந்தால் ஓம் நிலையில் வையுங்கள்: ஒரே சுருளின் இரு முனைக்கிடையே ஓரிரு ஓம் காட்டும், மற்றதோடு தொடர்பே காட்டாது. மீற்றர் இல்லாவிட்டாலும் கை போதும். வயர்கள் ஒன்றோடொன்று படாமல் விரித்து வைத்து, தண்டை விரலால் சுழற்றிப் பாருங்கள். சிறு சிறு தட்டலோடு இலேசாகச் சுழலும். இப்போது ஏதாவது இரண்டு வயரின் செம்பு முனைகளைச் சேர்த்து முறுக்கிவிட்டு மறுபடி சுழற்றுங்கள். திடீரென்று விரல் நோகுமளவு இறுகினால் அந்த இரண்டும் ஒரு சுருள். இறுகாவிட்டால் வேறு வயரோடு மாற்றுங்கள். மூன்று முயற்சிக்குள் அகப்பட்டுவிடும்.

ஒரு ஜோடி டிரைவரின் ஏ பிளஸ், ஏ மைனசுக்கு. மற்றது பி பிளஸ், பி மைனசுக்கு. ஜோடி கலந்துவிட்டால் மோட்டார் இடத்திலேயே நின்று உறுமும். ஜோடி சரியாக இருந்து முனை மட்டும் மாறினால் எதிர்த்திசையில் சுழலும், அதில் ஆபத்து எதுவும் இல்லை. வை அச்சின் இரண்டாவது மோட்டார் எதிரெதிராக நிற்பதால் அதைத் திருப்ப வேண்டியிருக்கும். அதற்கு ஏ ஜோடியின் இரு வயரை மட்டும் இடம் மாற்றினால் போதும். இரண்டு வை டிரைவருக்கும் ஒரே பல்ஸையும் ஒரே திசை வயரையும் கொடுக்கலாம்.

மின்சாரம் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றவே கூடாது. சுருளில் ஓடிக்கொண்டிருக்கும் ஓட்டம் போக வழியில்லாமல் உயர் வோல்ட்டாக எகிறி டிரைவரின் வெளியீட்டு டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். ஸ்குரூ சரியாக இறுகாத டெர்மினலும் இதையேதான் செய்கிறது, கொஞ்சம் மெதுவாக. அதனால் வயர் முனைக்கு ஃபெரூல் எனும் செம்புக் குழாயைப் போட்டு நெரித்துவிடுங்கள். சிலர் இழைகளுக்கு ஈயம் வைத்து ஸ்குரூவுக்கடியில் இறுக்குகிறார்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல வழுகிக் கொடுக்கும். இரண்டு மாதத்தில் ஸ்குரூ தானாகத் தளர்ந்திருக்கும்.

மோட்டார் வரை நான்கு கோர், 0.75 சதுர மி.மீ., உறைபோட்ட கேபிள். உறையைக் கட்டுப்பாட்டுப் பெட்டிப் பக்கம் மட்டும் எர்த்தில் கட்டுங்கள். மோட்டார்ப் பக்கத்தில் வெட்டி டேப் சுற்றிவிடலாம். இரு பக்கமும் கட்டினால் உறையே ஒரு சுற்றாகி இரைச்சலைச் சுமக்கும்.

டிரைவர் சுவிட்ச்சும் மேசைச் சோதனையும்

டிஎம்542இன் பக்கத்தில் எட்டுச் சின்ன சுவிட்ச். முதல் மூன்று ஓட்டத்துக்கு: உச்ச அளவு 1.00 முதல் 4.20 அம்பியர் வரை. 3 அம்பியர் மோட்டாருக்கு 3.31இல் தொடங்கி, தேவைப்பட்டால் 3.76க்கு ஏற்றுங்கள். நான்காவது சுவிட்ச் மோட்டார் நிற்கும்போது ஓட்டத்தைப் பாதியாக்கும்; அதைப் பாதி நிலையிலேயே விடுங்கள், மோட்டாரும் டிரைவரும் வீணாகச் சூடாகாது. கடைசி நான்கும் ஒரு சுற்றுக்கு எத்தனை பல்ஸ் என்பதற்கு. 1600 வையுங்கள். நிலைகளின் அட்டவணை டிரைவரின் முதுகிலேயே அச்சாகியிருக்கும். சுவிட்ச்சை மாற்றும்போது மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்.

ஏன் 1600, ஏன் 6400 இல்லை? ஸ்டெப்பைச் சிறிதாக நறுக்குவதால் அசைவு மென்மையாகும், பரிவு அதிர்வு (மோட்டாரின் இயல்பான அதிர்வோடு ஒத்து எழும் நடுக்கம்) குறையும். துல்லியம் அந்த விகிதத்தில் கூடாது. மறுபக்கம் அர்டுயினோ ஊனோவில் ஜிஆர்பிஎல் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 30,000 பல்ஸ்தான் அனுப்பும். 1600இல் ஒரு மி.மீ.க்கு 320 பல்ஸ் என்பதால் உச்சம் நிமிடத்துக்கு 5,625 மி.மீ. ஆகும். 6400 வைத்தால் உச்சமே 1,406க்கு இறங்கிவிடும்.

அர்டுயினோவிலிருந்து டிரைவருக்கு: எல்லா டிரைவரின் பல்ஸ் மைனஸ், திசை மைனஸ் முனைகளையும் அர்டுயினோவின் கிரவுண்டில் சேருங்கள். பல்ஸ் பிளஸ் முனைகள் எக்ஸ், வை, இசட் வரிசையில் டி2, டி3, டி4க்கு. திசை பிளஸ் டி5, டி6, டி7க்கு. எனேபிள் முனைகளில் எதையும் கட்ட வேண்டாம், கட்டாமல் விட்டாலே டிரைவர் இயங்கும்.

இனி மோட்டாரை மெஷினில் பூட்டாமல் மேசையில் வைத்தே சோதியுங்கள். தண்டில் ஒரு துண்டு டேப்பைக் கொடி போல ஒட்டி, அது நேர்மேலே நிற்கும்படி வைத்து, மோட்டார் முகப்பில் அதற்கு நேராகப் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். ஜிஆர்பிஎலில் $ குறியோடு வரும் எண்கள் அமைப்புகளின் பெயர்கள்; எக்ஸ் ஒரு மி.மீ. நகரத் தேவையான பல்ஸ் $100. அதற்கு 320 கொடுத்து எக்ஸை 5 மி.மீ. நகர்த்துங்கள். கொடி ஒரே ஒரு சுற்றுச் சுற்றிக் கோட்டிலேயே வந்து நிற்க வேண்டும். அரைச் சுற்றில் நின்றால் டிரைவர் 3200இல் இருக்கிறது. இரண்டு சுற்று வந்தால் 800இல் இருக்கிறது. பிறகு 500 மி.மீ. அனுப்புங்கள், நூறு சுற்று. கொடி மறுபடி அதே கோட்டுக்கு வரும். மெஷினில் பூட்டிய பிறகு மணிக்கணக்கில் தேட வேண்டிய பிழைகள் இந்த ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

ஜிஆர்பிஎலுக்குக் கொடுக்கும் எண்கள்

மி.மீ.க்கு எத்தனை பல்ஸ் என்பது அளந்து கண்டுபிடிக்கும் விஷயமே அல்ல, ஸ்குரூ சொல்லும் விஷயம். 1600ஐ 5ஆல் வகுத்தால் 320. இது $100, $101. 1600ஐ 4ஆல் வகுத்தால் 400, இது $102. நான்கு புரியுள்ள டி8 ஸ்குரூவாக இருந்தால் சுற்றுக்கு 8 மி.மீ., ஆக 200. ஜிடி2 பெல்ட்டும் 20 பல் புலியும் என்றால் சுற்றுக்கு 40 மி.மீ., ஆக 40.

வெட்டிய பலகையை அளந்து, 100க்கு 99.6 வருகிறது என்று $100ஐத் திருத்துவது பரவலான பழக்கம். அது வேண்டாம். அந்த 0.4 கட்டரின் உண்மையான விட்டத்திலிருந்து வந்திருக்கலாம், தளர்ந்த நட்டிலிருந்து வந்திருக்கலாம். 100இல் சரியாக்கினால் 300இல் பிழை பெருகும். மரம் வெட்டாமல், நல்ல இரும்பு அடிமட்டத்தைப் படுக்கையில் பூட்டி, கட்டரைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பின்டிலில் ஊசி பிடித்து 300 மி.மீ. ஓட்டிப் பாருங்கள். உருட்டிச் செய்த சி7 தரப் போல் ஸ்குரூ 300 மி.மீ.க்கு 0.05 மி.மீ. அளவே விலகும். கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் வந்தால் மோட்டாரையும் ஸ்குரூவையும் இணைக்கும் கப்ளிங் வழுக்குகிறது, அல்லது சுவிட்ச் தவறு. எண்ணைத் தொடாமல் காரணத்தைத் தேடுங்கள்.

$0 பல்ஸின் நீளம். 10 மைக்ரோ செக்கன் போதும். $1க்கு 255: இல்லாவிட்டால் அசைவு முடிந்து 25 மில்லி செக்கனில் ஜிஆர்பிஎல் மோட்டாரை விடுவிக்கும் கட்டளையைப் போடும், எனேபிள் கட்டியிருந்தால் இசட் தன் பாரத்தில் கீழே இறங்கும். $3 திசையைப் புரட்ட. $130 முதல் $132 வரை உண்மையான பயண நீளம். ஹோமிங், அதாவது மெஷின் தானாக எல்லையைத் தொட்டுத் தொடக்க இடத்தை அறிவது, வேலைசெய்த பிறகு $20க்கு 1 கொடுத்தால், கோப்பில் பிழை இருந்தாலும் கான்ட்ரி முட்டாது.

பல்ஸைத் தலைகீழாக்கும் $2ஐப் பலர் கண்டுகொள்வதே இல்லை. ஜிஆர்பிஎல் திசை சமிக்ஞையையும் அடுத்த பல்ஸையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அனுப்புகிறது. டிஎம்542 திசை மாறி 5 மைக்ரோ செக்கன் கழிந்தே பல்ஸ் வர வேண்டும் என்று கேட்கிறது. அந்த அவகாசம் இல்லாதபோது, திரும்பும் இடத்தில் முதல் ஸ்டெப் பழைய திசையிலேயே போய்விடலாம். இரு பக்கத் திருப்பத்திலும் இப்படி நடந்தால் ஒன்றை ஒன்று ஈடுசெய்துவிடும், நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். ஆனால் டிரைவரின் உள்ளீட்டில் உள்ள ஒப்டோகப்ளர் (சமிக்ஞையை ஒளியால் கடத்தும் பாகம்) திறக்கும் வேகமும் மூடும் வேகமும் ஒன்றல்ல. ஒரு பக்கத்தில் மட்டும் பிழைத்தால் ஒவ்வொரு போய்வருதலுக்கும் இரண்டு ஸ்டெப், அதாவது 0.00625 மி.மீ., ஒரே பக்கமாகச் சேரும். எழுத்துச் செதுக்கும்போது 400 தடவை போய்வந்தால் 2.5 மி.மீ. விலகும். வேகத்தைக் குறைத்தாலும் ஆர்முடுகலைக் குறைத்தாலும் இது போகாது. அதுவே இதன் அடையாளம்.

மேலே சொன்ன வயரிங்கில் $2க்கு 7 கொடுத்தால் பல்ஸ் தலைகீழாகும். டிரைவர் பார்க்கும் விளிம்பு பல்ஸின் முடிவில் வரும். திசைக்கு 10 மைக்ரோ செக்கன் கிடைத்துவிடும். ஜிஆர்பிஎலை நீங்களே கம்பைல் செய்து ஏற்றுபவராக இருந்தால், கொன்ஃபிக் கோப்பில் ஸ்டெப் பல்ஸ் டிலே என்ற வரி மூடியிருக்கும், அதைத் திறந்தாலும் அதே பலன். சரியானதா என்று பார்க்க, 1 மி.மீ. முன்னும் பின்னுமாக 200 தடவை, நிமிடத்துக்கு 300 மி.மீ. வேகத்தில் ஓடவிட்டு, நுண்ணிய அசைவையும் ஊசியில் காட்டும் டயல் கேஜில் பாருங்கள். தவறாக இருந்தால் ஊசி 1.25 மி.மீ. நகர்ந்திருக்கும்.

வேகமும் ஆர்முடுகலும்: குளிரில்தான் சோதிக்க வேண்டும்

மதியம் 22 பாகையில் ஓடிப்பார்த்து, ஒழுங்காக இருக்கிறது என்று எண்களைப் பூட்டிவிட்டுப் போனால், மறுநாள் காலை 6 மணிக்கு அதே கோப்பு இரண்டு மி.மீ. தள்ளி வெட்டும். இரவில் இறுகிய கிரீஸ் நட்டுக்குள் உராய்வைக் கூட்டியிருக்கும். மோட்டார் விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கொஞ்சமே போதும். அதனால் இந்தச் சோதனையை நீங்கள் வேலை செய்யக்கூடிய மிகக் குளிரான நேரத்தில், மெஷின் இரவு முழுதும் சும்மா நின்ற பிறகு, முதல் ஓட்டத்திலேயே செய்யுங்கள். அதில் தேறிய எண் மற்ற நேரமெல்லாம் தேறும்.

முதலில் மின்சாரம் இல்லாமல் ஸ்குரூவைக் கையால் சுழற்றிப் பயணம் முழுதும் பாருங்கள். ஒரு முனையில் இலேசு, மறுமுனையில் இறுக்கம் என்றால் தண்டவாளங்களும் ஸ்குரூவும் சமாந்தரமாக இல்லை. எந்த எண்ணாலும் அதைத் திருத்த முடியாது. நட்டின் போல்ட்டுகளைத் தளர்த்தி, கான்ட்ரியை இறுகும் முனைக்குக் கொண்டுபோய், அங்கே வைத்து இறுக்குங்கள்.

வேகம் முதலில், ஆர்முடுகல் பிறகு. எக்ஸின் ஆர்முடுகலான $120க்கு 50 கொடுங்கள், மிக மெதுவான ஏற்றம். அதன் உச்ச வேகமான $110ஐ 1000இல் தொடங்குங்கள். டயல் கேஜைக் கான்ட்ரியில் தொடும்படி நிறுத்திச் சுழியில் வைத்து, அங்கிருந்து தள்ளி, 300 மி.மீ. தூரத்தை ஐந்து தடவை போய்வந்து, மெதுவாகக் கேஜைத் தொடவிடுங்கள். ஊசி அதே இடம் என்றால் 500 கூட்டுங்கள்.

தூரத்தைக் குறைத்துச் சோதிப்பது ஏமாற்றும். வேகத்தின் வர்க்கத்தை ஆர்முடுகலின் இரு மடங்கால் வகுத்தால் அந்த வேகத்தை எட்டத் தேவையான தூரம் வரும். நிமிடத்துக்கு 3,000 என்பது செக்கனுக்கு 50 மி.மீ.; ஆர்முடுகல் 50 என்றால் ஏற 25 மி.மீ., இறங்க 25 மி.மீ. வேண்டும். 40 மி.மீ. மட்டும் ஓட்டினால் மெஷின் அந்த வேகத்தைத் தொட்டிருக்கவே மாட்டாது. தேறியது போல மட்டும் தெரியும்.

ஒரு கட்டத்தில் மோட்டார் கீச்சென்று கத்தி நின்றுவிடும். பயப்பட வேண்டாம், ஸ்டெப்பர் மோட்டாருக்கு நிற்பதால் கேடு இல்லை. அந்த எண்ணில் 70 வீதத்தை எடுத்து $110இல் வையுங்கள். 4,500இல் நின்றால் 3,150; அதை 3,000 ஆக்குங்கள். 5 மி.மீ. ஸ்குரூவில் இது நிமிடத்துக்கு 600 சுற்று, செக்கனுக்கு 16,000 பல்ஸ். மோட்டாருக்கும் சரி, அர்டுயினோவுக்கும் சரி. நிமிடத்துக்கு 300 முதல் 600 மி.மீ. வரை, அதாவது 60 முதல் 120 சுற்றுக்கிடையில், ஒரு முனகலும் அதிர்வும் வந்தால் அது பரிவு. மோட்டார் தாங்கியின் போல்ட்டை இறுக்கினாலே பெரும்பாலும் அடங்கும்.

இனி $120ஐ 100இல் தொடங்கி ஒவ்வொரு தடவையும் 50 கூட்டி அதே சோதனை. நிற்கும் எண்ணில் பாதியை எடுங்கள். வேகத்துக்கு 70 வீதமும் இதற்குப் பாதியும் எடுப்பதற்குக் காரணம் உண்டு: ஆர்முடுகும் கணத்தில்தான் கான்ட்ரியின் சடத்துவமும் கட்டர் மரத்தில் தள்ளும் விசையும் குளிர் உராய்வும் ஒன்றாகச் சேர்ந்து மோட்டாரின் மேல் விழுகின்றன. பெயர்ப்பலகை ரூட்டருக்கு 200 முதல் 300 வரை வந்தால் அது நல்ல மெஷின். 800க்கு ஏற்றிப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். ஒரு மணி நேர வேலையில் மிஞ்சுவது இரண்டு மூன்று நிமிடம், போவது ஒரு மஹோகனிப் பலகை.

வை அச்சை இரண்டு மோட்டாரோடும், இசட்டை ஸ்பின்டில் பூட்டிய பிறகும் தனித்தனியே சோதியுங்கள். இசட் மேலே ஏறும்போதுதான் தவறும். அது தவறினால் அடுத்த தடவை கட்டர் இன்னும் ஆழமாக இறங்கும். அதனால் அதற்கு மட்டும் இன்னும் கொஞ்சம் கூடுதலாக மிச்சம் விடுங்கள்.

வட்டம் வெட்டும்போது நான்கு திசைப் புள்ளிகளிலும் சின்னப் படி தெரிந்தால் ஸ்டெப் தவறவில்லை, அது பின்னாட்டம், அதாவது திசை மாறும்போது ஸ்குரூவில் வரும் வெற்று அசைவு. ஜிஆர்பிஎலில் அதை ஈடுசெய்யும் வசதி கிடையாது. இரும்பில்தான் சரிசெய்ய வேண்டும். ஸ்குரூவின் முனையைப் பிடிக்கும் பிகே12 தாங்கியின் பூட்டு நட்டைப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் ஸ்குரூவே முன்னும் பின்னும் ஆடும், சுருள் வெட்டிய கப்ளிங் வில் போல அதற்கு இடம் கொடுக்கும்.

லிமிட் சுவிட்ச், எர்த், கரண்ட்

அச்சின் எல்லையைத் தொட்டால் மெஷினை நிறுத்தும் லிமிட் சுவிட்ச்சை எப்போதும் மூடியிருக்கும் தொடுகையில், அதாவது என்சியில் கட்டுங்கள், $5க்கு 1. வயர் அறுந்தால் மெஷின் உடனே நிற்கும். மறுவகையில் கட்டினால் வயர் அறுந்தது முட்டிய பிறகுதான் தெரியும். அர்டுயினோவின் மேல் சொருகும் பழைய சிஎன்சி ஷீல்ட் பலகையின் 3ஆம் பதிப்பைப் பயன்படுத்துவோர் கவனிக்க: இசட் லிமிட் என்று அச்சிட்ட முனை (பின்) டி11. ஜிஆர்பிஎல் 1.1 அதை ஸ்பின்டில் வேகத்துக்கு எடுத்துக்கொண்டு, இசட் லிமிட்டை டி12இல் தேடுகிறது. ஆகவே ஸ்பின்டில் எனேபிள் என்று எழுதிய பின்னில் இசட் சுவிட்ச்சைச் சொருக வேண்டும்.

கட்டரைச் சுழற்றும் ரூட்டர் மோட்டாரைப் போட்டவுடன் காரணமில்லாமல் அலாரம் வருவது அந்த மோட்டாரின் கார்பன் பொறியிலிருந்து. அர்டுயினோவின் உள்தடை மிகப் பெரியது, சின்ன இரைச்சலும் பின்னை அசைத்துவிடும். ஒவ்வொரு லிமிட் பின்னிலிருந்தும் 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் தடையி, கிரவுண்டுக்கு 100 நானோ ஃபரட் கொள்ளளவி, இரண்டையும் பின்னுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். லிமிட் வயரும் மோட்டார் வயரும் ஒரே கேபிள் சங்கிலியில் போனாலும் இரண்டையும் இரு ஓரமாகப் பிரியுங்கள். 12 அல்லது 24 வோல்ட் இண்டக்டிவ் சென்சரை நேராக அர்டுயினோவில் கட்டிவிடாதீர்கள். நடுவில் ஒப்டோகப்ளர் வேண்டும்.

இத்தனையும் செய்தும் இரைச்சல் அடங்காவிட்டால் எர்த்தைப் பாருங்கள். பிளக் பொயின்ட்டில் மூன்று துளை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று ஆகாது. எர்த் இல்லாத இடத்தில் பவர் சப்ளையின் வடிகட்டிக் கொள்ளளவிகள் மெஷினின் உடலைப் பாதி மெயின்ஸ் அளவுக்கு மிதக்க விடும். அலுமினியத்தைத் தொட்டால் கை சுரீர் என்னும், லப்டொப்பின் யூஎஸ்பி அறும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை தெரிந்த ஒரு வயரிங் பாஸைக் கூப்பிட்டு, வீட்டு எர்த் கம்பியையும் ட்ரிப் சுவிட்ச்சையும் சோதித்த பிறகே மெஷினை ஓட்டுங்கள். இதில் மட்டும் செலவு பார்க்கக்கூடாது.

கரண்ட் போகும்போது நடப்பதைப் பலர் யோசிப்பதில்லை. அர்டுயினோவுக்கு லப்டொப்பின் யூஎஸ்பியிலிருந்து மின் வருகிறது. லப்டொப்போ பற்றரியில் ஓடுகிறது. மெயின்ஸ் போனதும் மோட்டார் நின்றுவிடும், அர்டுயினோ நிற்காமல் பல்ஸ் அனுப்பிக்கொண்டே போகும். அரை நிமிடத்தில் கரண்ட் வந்தால் டிரைவர் உயிர்த்து, ரூட்டர் தானாக ஓடி, மெஷின் முற்றிலும் தவறான இடத்திலிருந்து வெட்டத் தொடங்கும். அப்போது உங்கள் கை பலகையின் மேல் இருக்கவும் கூடும்.

இதற்கு இரண்டு சாமான் போதும். ஒன்று, 230 வோல்ட் சுருள் உள்ள சின்ன ரிலே. அதன் என்சி தொடுகையை அர்டுயினோவின் ஏ0 பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் கட்டுங்கள். மெயின்ஸ் இருக்கும்வரை தொடுகை திறந்திருக்கும். போன கணத்தில் மூடி ஜிஆர்பிஎலை ரீசெட் செய்து அலாரத்தில் நிறுத்திவிடும், அலாரத்தை எடுக்காமல் மறுபடி ஓடாது; ஹோமிங் செய்துவிட்டே தொடருங்கள். லிமிட்டுக்குப் போட்ட அதே தடையியும் கொள்ளளவியும் இந்தப் பின்னுக்கும் வேண்டும். மற்றது, ரூட்டருக்கு மெக்னெற்றிக் ஸ்டார்ட்டர்: பச்சையை அழுத்தினால் பிடித்துக்கொள்ளும், கரண்ட் போனால் விட்டுவிடும், திரும்பி வந்தாலும் மறுபடி அழுத்தும்வரை ஓடாது. அவசர நிறுத்தப் பொத்தானையும் இதே ஸ்டார்ட்டரின் சுருள் வழியில் சேர்த்து, 36 வோல்ட் சப்ளையும் அதன் வழியாகவே போகட்டும்.

சித்திரை மாதத்திலும், ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி வருவதற்கு முன் பிளக்கையும் யூஎஸ்பியையும் கழற்றுங்கள். சுவிட்ச்சை மட்டும் நிறுத்தினால் மின்னலுக்கு அது ஒரு தடையே இல்லை.

பனிமூட்டம் அறைக்குள் வரும் இடங்களில் குளிர்ந்த ஸ்குரூவில் காலையில் நீர் படியும். வேலை முடிந்ததும் தூசைத் தட்டி, மெல்லிய எண்ணெய் பூசி, கான்ட்ரியை முழுப்பயணம் இரண்டு தடவை ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். மரத்தூள் படிந்தபடி விட்டால் அது ஈரத்தைப் பிடித்து வைத்து இரண்டே வாரத்தில் துருப்புள்ளி போடும். காலையில் முதல் வேலையாக நிமிடத்துக்கு 800 மி.மீ. வேகத்தில் ஐந்து நிமிடம் எல்லா அச்சையும் வெறுமனே ஓடவிடுங்கள், கிரீஸ் இளகட்டும்.

எல்லா எண்ணும் முடிவானதும் $$ என்று அனுப்பி, வரும் பட்டியலை முழுதாக ஒரு தாளில் எழுதிக் கட்டுப்பாட்டுப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். பக்கத்தில் நான்கு டிரைவரின் சுவிட்ச் நிலையையும், சோதித்த காலையின் வெப்பநிலையையும் குறியுங்கள். அடுத்த தை மாதத்தில் அதைவிடக் குளிரான ஒரு காலை வந்தால், டயல் கேஜை எடுத்து அந்த ஐந்து தடவைப் போய்வருதலை மறுபடி செய்து பாருங்கள்.